பதினோரு தெற்கு வாசல்கள்

காலை ஐந்தே முக்கால். வேலைக்குக் கிளம்புகிறேன், உங்களை எழுப்ப மனமில்லை. சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

உங்கள் போனின் திசைகாட்டியைச் சோதித்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் தெற்கு என்றது. உறையைக் கழற்றியதும் சரியாகிவிட்டது. உறையின் மூடியில் காந்தம் இருக்கிறது. குடிபோகப் பார்த்த பதினோரு வீட்டுக்கும் தெற்கு வாசல் என்றபோதே நமக்கு உறைத்திருக்க வேண்டும். உறை செய்த தப்புக்கு வீடுகள் பழி சுமந்தன.

நேற்றுப் பார்த்த வீட்டுக்கார அம்மா இன்று பதினோரு மணிவரைதான் நம் முடிவுக்குக் காத்திருப்பார். உறையில்லாமல் போய்ப் பாருங்கள்.

எனக்கு இரண்டு முறை கரு கலைந்ததற்கு நாம் இப்போது இருக்கும் இந்த வீட்டின் தெற்கு வாசல்தான் காரணம் என்று நீங்கள் நம்புவது தெரியும். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

ஓரத்தில் நுணுக்கி எழுதுகிறேன்: நேற்றுப் பார்த்த வீட்டு வாசல் நிஜமாகவே தெற்காக இருந்தாலும் எனக்குச் சம்மதம். ஜன்னலடியில் தொட்டில் போட இடம் இருக்கிறது.

இன்னொன்று. நேற்று அங்கே படியிறங்கும்போது நீங்கள் கேட்டதை அப்படியே கீழே எழுதி வைக்கிறேன். மாலை நான் வந்ததும் சேர்ந்து யோசிப்போம்.

“வீட்டு மேலயும் பழி போடக் கூடாதுன்னா, நான் யார் மேலதான் போடுறது, சொல்லு?”