யாரும் சொல்லிவைக்காத வேலை

ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். உங்களோடு போனில் பேசினால் நீங்கள் “ஆங்? ஆங்?” என்று கத்த, நான் பதிலுக்குக் கத்த, பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டுகிறார். கடைசியில் ஒரு விஷயமும் போய்ச் சேர்வதில்லை. காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் அதற்கும் மாட்டேன் என்கிறீர்கள். அதனால் இனிமேல் கடிதம்தான்.

உங்கள் மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை நன்றாகப் போகிறது. நான்தான் தினமும் சான்றிதழ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். “இந்த ஊர்ல எங்க வேலை பார்த்திருக்கீங்க?” என்றாள். இன்னும் எங்கேயும் இல்லை என்றேன். “அப்ப முதல்ல எங்கயாவது பார்த்துட்டு வாங்க” என்றாள். யாருமே சேர்க்காவிட்டால் எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டேன். “எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க” என்று அலுத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். போகட்டும். நான் விடப்போவதில்லை.

அப்பா, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்காக யாரிடமும் சொல்லி வைக்காதீர்கள். மின்சார ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்துகொண்டு ஊரில் பாதிப் பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். ‘சொல்லிவைக்கிறேன் சார்’ வீடு எது என்றால் யாரும் நம் வீட்டைத்தான் காட்டுவார்கள். எனக்கு ஸ்கூல் சீட் நீங்கள் சொல்லிக் கிடைத்தது. காலேஜும் அப்படித்தான். பெயிண்ட் கம்பெனி வேலையும் அப்படித்தான். அந்த லேபில் ஏழு வருஷம் இருந்தேனே, முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் தெரியுமா? ‘சிபாரிசு’. “சிபாரிசு வந்தாச்சா?” “சிபாரிசு சாப்பிடப் போயிருக்கு.” காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன். ஆனால் எனக்கு நிஜமாகவே வேலை தெரியுமா, இல்லை உங்கள் மகள் என்பதற்காக வைத்திருந்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த ஊரில் என்னை ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. இங்கே ஒரு வேலை கிடைத்தால் அது என்னால் கிடைத்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஓயமாட்டேன்.

அம்மாவிடம் நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்


ஜூன் 15

என் கோபக்கார மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மா சத்தமாகப் படித்தாள். பிறகு நான் தனியாக ஒருமுறை படித்தேன். உனக்கு ‘சிபாரிசு’ என்று பெயர் வைத்தவன் எவன்? பேரை மட்டும் எழுது, அங்கே மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். சரி, சரி, சொல்லவில்லை. பழக்கதோஷம், கை தானாக எழுதிவிட்டது.

எனக்குப் புரியவில்லை அம்மா. தெரிந்தவர் ஒருவர் நல்ல வார்த்தை சொல்வதில் என்ன கேவலம்? நான் யாருக்கும் கெட்டது சொன்னதில்லையே. ஆனாலும் நீ கேட்டுவிட்டாய், ஒத்துக்கொள்கிறேன். சும்மா ஒரு தகவல் மட்டும். நம் ஆபீஸ் வேலையெல்லாம் எடுத்துச் செய்த கான்ட்ராக்டருடைய அண்ணன் முப்பது வருஷமாக நீ இருக்கிற ஊரில்தான் இருக்கிறார். கட்டட சாமான் கடை, பெரிய கை. முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். போய்ப் பார் என்று நான் சொல்லவில்லை. பையில் கிடக்கட்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. வீடு எத்தனையாவது மாடி, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்கிறாள்.

உன் அப்பா


ஜூலை 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. தண்ணீர் வருகிறது, நான்தான் மேலே ஏறி வருவதற்குள் பாதியாகிவிடுகிறேன்.

ஒரு லாண்டரியில் அரைநாள் வேலைக்குப் போகிறேன். படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை இன்னொருத்தி. அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. ஆனால் மேஸ்திரியைத் திட்டுவது மட்டும் இரண்டு பேருக்கும் நன்றாகப் புரிகிறது.

பெரிய செய்தி இனிமேல்தான். பஸ் கடைசியாகப் போய் நிற்கிற இடத்தில் ஒரு பெரிய பெயிண்ட் கம்பெனி இருக்கிறது. வாசலில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். லேபில் கூப்பிட்டு உட்காரவைத்து நிறம் சேர்த்துக் காட்டச் சொன்னார்கள். எப்படிச் செய்தேன் என்று எழுதினால் உங்களுக்கு அலுப்பாக இருக்கும், விடுங்கள். லேப் தலைவி கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு நான் கலந்ததையே ரொம்ப நேரம் பார்த்தாள். கடைசிச் சுற்றில் மூன்று பேர், அதில் நான் ஒருத்தி! மேனேஜர் லீவில் இருக்கிறார். மாதக் கடைசியில் அவரைப் பார்க்க வேண்டும்.

இதுவரைக்கும் நானாகவே வந்திருக்கிறேன். உங்கள் கை பேனாவைத் தேடுவது இங்கிருந்தே தெரிகிறது. வேண்டாம் அப்பா. கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் அன்பு மகள்


ஜூலை 13

என் தங்க மகளுக்கு,

படித்ததும் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அம்மா எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மூன்றில் ஒன்று என்கிறாய். மூன்றில் ஒன்றை அப்படியே அதிர்ஷ்டத்தின் கையில் விட்டுவிட்டு ஓர் அப்பனால் எப்படித் தூங்க முடியும்?

நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு தைரியமாகப் போ. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்.

உன் அப்பா


ஆகஸ்ட் 1

அப்பா,

மேனேஜரை நான் பார்க்கவே இல்லை. வாசலிலேயே லேப் தலைவி என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாள். “கட்டட சாமான் கடைக்காரர் எங்களுக்குப் பெரிய கஸ்டமர். அவர் மேனேஜருக்குத் திரும்பத் திரும்பப் போன் பண்ணி, இது எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி, ஆபீஸ் வேலை எது கொடுத்தாலும் செய்யும், பார்த்துக்கங்கன்னு சொல்லியிருக்கார். இப்ப உங்களை எடுத்தா அவருக்காக எடுத்ததாத்தான் ஆகும். இங்க அது கூடாது. உங்க பேரை அடிச்சிட்டாங்க” என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியாது, நான் யாரையும் கேட்கச் சொல்லவில்லை என்றேன். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். “நான் கலந்தது சரியா இருந்துச்சா? அதையாவது சொல்லுங்க” என்று கேட்டேன். “இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது?” என்று போய்விட்டாள்.

ஆபீஸ் வேலையாம்! நான் என்றைக்கு அப்பா ஆபீஸ் வேலை பார்த்தேன்?

வேலை போனது போகட்டும், வேறு தேடிக்கொள்வேன். நான் தெரிந்துகொள்ள நினைத்த ஒரே விஷயத்தைத் தெரியவிடாமல் செய்துவிட்டீர்கள். கெஞ்சினேனே. என்னை நம்பி ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருக்க உங்களால் முடியவில்லை. ஒரு வேலை கிடைக்கிறவரைக்கும் உங்களுக்கு எழுத மாட்டேன். அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் மட்டும் உங்கள் மாப்பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

மகள்


ஆகஸ்ட் 12

மகளுக்கு,

இந்த வயதில் யாரிடமும் நான் இப்படித் திட்டு வாங்கியதில்லை. வேகாத வெயிலில் கான்ட்ராக்டர் வீட்டுக்கு நடையாய் நடந்தேன். எதற்கு? எனக்கு வேலை வாங்கவா? நாலு பேரைத் தெரிந்து வைத்திருப்பதும் ஒரு திறமைதான். நல்லவள் என்று ஒருவர் சொன்னதற்காக வேலை கிடையாது என்கிற ஊரும் ஓர் ஊரா? அவர்களிடம் போகாமல் என்னிடம் கோபித்துக்கொள்கிறாய்.

உன் கோபம் ஆறியதும் எழுது.

அப்பா


ஆகஸ்ட் 30

அம்மாடி,

தபால்காரர் நம் வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். அவருக்கே சங்கடமாக இருக்கிறது போலிருக்கிறது.

போன கடிதத்தை நான் அனுப்பியிருக்கக் கூடாது. நான் செய்தது தப்பு. நீ வேண்டாம் என்று சொல்லியும் செய்தேன். நீ தோற்றுவிடுவாய் என்று பயந்தேன், அதுதான் உண்மை. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரு வரி எழுது. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

அப்பா

நான் அம்மா எழுதுகிறேன். இவர் பண்ணினதுக்கு நானும் நல்லா கேட்டுட்டேன். சாப்பாடு எல்லாம் நல்லா இறங்குது, அதை நம்பாதே. ஆனா வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார், அது நிஜம். நீ உன் பிடிவாதத்தை விடாதே. வேலை கிடைச்சதும் எழுது.


செப்டம்பர் 20

அப்பாவுக்கு,

கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. வேலை கிடைத்ததும் எழுதுவதாகச் சொன்னேன், எழுதுகிறேன்.

லாண்டரி விட்டு பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. அடிபட்ட கார்களை நிமிர்த்தி பெயிண்ட் அடிக்கிற இடம். அங்கேயிருந்து ஒரு நீல நிறக் கார் வெளியே வந்தது. ஒரு கதவு மட்டும் வேறு நீலம். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ரோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். முதலாளி மொட்டைத் தலை, சிடுமூஞ்சி. “யார் அனுப்பினாங்க?” என்றார். யாரும் அனுப்பவில்லை, கதவு பொருந்தவில்லை, அதனால் வந்தேன் என்றேன். மேலும் கீழும் பார்த்தார். மூலையில் நின்ற ஒரு வெள்ளி நிறக் காரைக் காட்டி, “எங்க, பொருத்து பார்க்கலாம்” என்றார்.

அங்கேயே நிறம் கலந்து அதன் புதுக் கதவுக்கு அடித்தேன். கொட்டகைக்குள் கச்சிதமாக இருந்தது. வெளியே தள்ளி வெயிலில் நிறுத்தியதும் கதவு வேறு, கார் வேறு. மொட்டை முதலாளி சிரித்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. “நாளைக்கு வரேன்” என்றேன். வராதே என்று அவர் சொல்லவில்லை. மறுநாள் சுரண்டிவிட்டு மறுபடி கலந்தேன். அதுவும் சரியில்லை. அதற்கும் மறுநாள் போனேன். அந்த வாரம் முழுக்க லாண்டரி முடிந்ததும் நேராக அங்கேதான். உங்கள் மாப்பிள்ளை, “கல்யாணம் அந்த காரோடயா, என்னோடயா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை மொட்டை முதலாளி வெளியூர் போய்விட்டு வந்தார். கார் வெயிலில் நின்றது. ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம், “எந்தக் கதவு?” என்று கேட்டார். அப்பா, அவருக்குத் தெரியவில்லை! திங்கட்கிழமை காலையில் வந்து சேரச் சொல்லிவிட்டார்.

தயவுசெய்து கான்ட்ராக்டருக்கு நன்றி சொல்லப் போய்விடாதீர்கள்.

மகள்


அக்டோபர் 1

என் மகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். அம்மா தலைசுற்றுகிறது, உட்காருங்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போனேன். முகத்தில் சோப்பு போட்டுக்கொண்டே சலூன்காரர், “பாப்பாவுக்கு வேலை ஆயிடுச்சாமே சார். யாரைப் பிடிச்சீங்க?” என்றார். யாரையும் பிடிக்கவில்லை என்றேன். “அது சரி” என்று சிரித்தார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வாத்தியார், “சாருக்கு எல்லா ஊர்லயும் ஆள் உண்டு. வெளியில சொல்லிக்க மாட்டார்” என்றார். சத்தியம் செய்தேன். ஒருவரும் நம்பவில்லை. இதற்குள் கான்ட்ராக்டர், “எங்க அண்ணன் போட்ட ஒரு போன்தான்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். எனக்கு வந்ததே கோபம்! “என் மக ரோட்டைத் தாண்டிப் போய், தானா கேட்டு, தானா வாங்கின வேலைய்யா அது! நானும் சொல்லல, எவனும் சொல்லல!” என்று கத்திவிட்டேன்.

சலூன்காரர் கத்தியை நிறுத்தினார். மரியாதையாகத்தான் கேட்டார். “யாரும் சொல்லாம எடுத்துக்கிட்டாங்கன்னா பாப்பா பெரிய கெட்டிக்காரிதான் சார். என்ன வேலை அது?”

வாயைத் திறந்தேன். “பெயிண்ட்” என்றேன். “பெயிண்ட் அடிக்கிறதா சார்?” என்றார். இல்லை என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மீதிச் சவரம் முடிகிறவரைக்கும் கண்ணாடியில் என் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஏழு வருஷம் உன்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் அந்த லேப் வாசலில் விட்டேன். அங்கே வாட்ச்மேனைத் தெரியும், மேனேஜரைத் தெரியும், மேனேஜருடைய மச்சானைக்கூடத் தெரியும். நீ உள்ளே போய் என்ன செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டதில்லை. கான்ட்ராக்டரிடம் ‘ஆபீஸ் வேலை’ என்று சொன்னதும் நான்தான்.

எழுது அம்மா. காலையில் உள்ளே போனதும் முதலில் என்ன செய்வாய் என்பதிலிருந்து எழுது. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அப்பா


அக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் பயந்துபோய்க் கைக்குட்டையை நீட்டினார். கோபமெல்லாம் போய்விட்டது.

சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள். காலையில் அடிபட்ட கார் ஒன்று நிற்கும். முதலில் அதைத் துடைப்பேன், அழுக்குக்கு அடியில் இருப்பதுதான் அதன் நிறம். ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே நீலம் என்று இரண்டு கார் வரும். ஒன்று இத்தனை நாளும் வெயிலில் நின்றிருக்கும், இன்னொன்று நிழலில். இப்போது இரண்டும் ஒரே நீலம் இல்லை. புத்தகத்தில் போட்டிருக்கிற அளவில் கலந்தால் புதுக் காரின் நீலம் வரும். அது யாருக்கு வேண்டும்? எனக்கு இந்தக் காருடைய இன்றைய நீலம் வேண்டும். அதற்காக ஒரு சொட்டு கறுப்பு விடுவேன், போதாவிட்டால் துளி மஞ்சள். தகரத் துண்டில் அடித்துக் காயவைப்பேன், ஈரத்தில் ஒரு நிறம் காட்டும், காய்ந்தால் வேறு காட்டும். பிறகு வெளியே எடுத்துப் போய்க் காரின்மேல் வைத்து, நின்று பார்ப்பேன், குனிந்து பார்ப்பேன், பக்கத்தில் போய்ப் பார்ப்பேன். தகரம் எங்கே முடிகிறது, கார் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் போகவேண்டும். தெரிந்தால் கொட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

அந்த லேபிலும் இதைத்தான் செய்தேன், சுவர் பெயிண்டுக்கு. ஏழு வருஷமும் நன்றாகத்தான் செய்திருக்கிறேன். எனக்கு வேலை தெரியும் அப்பா.

இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

உங்கள் அன்பு மகள்