அம்மா தண்ணீரில் இருக்கும் நேரம்

என் வீட்டு மகாராணிக்கு,

ஐம்பது இருக்கைப் பேருந்தின் சக்கரவர்த்தியாகிய உன் அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம், நீயும் அங்கே அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஒரு சுற்று இளைத்தாய் என்று சேதி வந்தாலும் கிளம்பி வந்து உன் வாசலில் நிற்பேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் உன் அம்மா பின்னால் நின்றுகொண்டு “பொய், அதுவும் பொய்” என்று திருத்திக்கொண்டே இருப்பாள், சரித்திரம் கெட்டுவிடும். அதனால்தான் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து இந்தக் கடிதம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியும். வருடாந்தரப் பரிசோதனையில் எங்கள் டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார், முள் ஏறிய வேகத்தில் கருவி வெடித்துவிடும் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். ரத்த அழுத்தம் மூன்று மாதத்தில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, ஓய்வு பெறும் வரை பணிமனையில் தொலைந்த பொருள் அறைதான் என்று சொல்லிவிட்டார். அந்த அறையை நீ பார்த்ததில்லை. பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாருடையது என்று இன்றுவரை தெரியாத ஒரு பல்செட். ஊரையே சுமந்து திரிந்தவன் அந்தப் பல்செட்டுக்குக் காவலிருப்பதா? வெளியே அட்டகாசமாகச் சிரித்தேன், அன்றைக்கு ராத்திரியே உனக்குப் போன் போட்டேன். நீதான் நீச்சலடியுங்கள் அப்பா, மனசும் அடங்கும் என்று சொல்லி அந்தத் தவளைக் கண்ணாடியையும் அனுப்பி வைத்தாய். அதைப் போட்டுக்கொண்டு நான் நீச்சல் குளத்தில் இறங்கிய அழகில் தண்ணீரே ஒரு படி கீழே இறங்கி வழிவிட்டது.

கைகால் ஒரு வாரத்தில் வழிக்கு வந்துவிட்டது. வராதது மனசு. வெளியே இருக்கும்வரை பரம சாதுவாக இருக்கிறது, தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் அதற்கு வாய் முளைத்துவிடுகிறது. அடுப்பை அணைத்தோமா, பின்சக்கரத்தில் காற்று போதுமா, மார்க்கெட் வளைவில் தோண்டிய பள்ளத்தை மூடினார்களா, உன் அறை ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பல்செட். சந்தைக்கடை தோற்றது போ. நீச்சல் சொல்லித் தரும் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், பணிமனையில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி அவளும் முதல் நாளே என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். “மாமா, மனசக் காலி பண்ணுங்க. அடியில கறுப்புக் கோடு போகுது பாருங்க, அத மட்டும் பாத்துட்டே போங்க” என்றாள். பார்த்தேன். இந்தக் கோட்டைத் தாண்டி முந்தலாமா கூடாதா என்று அதற்கும் ஒரு யோசனை கிளம்பிவிட்டது.

ஒருநாள் பாதித் தூரம் வந்திருப்பேன், கரையில் நின்ற அம்மாள் ஒருத்தி தலை துவட்டக் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான், முப்பது வருடக் கால் தண்ணீருக்குள்ளேயே பிரேக்கை மிதித்துவிட்டது. ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த வங்கி மேலாளர் என் முதுகில் மோதி, அரைக் குளத்தைக் குடித்துவிட்டு எழுந்தார். விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்த பெண் “என்ன மாமா, நட்டநடுவுல நின்னுட்டீங்க?” என்று கேட்டாள், “ஸ்டாப்பிங்ல ஆள் நின்னாங்கம்மா” என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. மறுநாளிலிருந்து நான் இறங்கினாலே மேலாளர் “ரைட், ரைட்” என்று குரல் கொடுக்கிறார்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில்தான் ஒன்று உறைத்தது. வண்டியைக் காலி பண்ணினால்தான் எடுப்பேன் என்று எந்த டிரைவராவது சொல்வானா? பின்னால் நூறு பேர் சண்டை போடுவார்கள், பாடுவார்கள், அழுவார்கள், நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுப்பு, பள்ளம், பல்செட் எல்லாம் ஏறிக்கொள்ளட்டும், பதில் மட்டும் சொல்லக் கூடாது என்று அடுத்த நாள் நீந்தினேன். இரைச்சல் நிற்கவில்லை, ஆனால் கொஞ்சம் பின்சீட்டுக்குப் போயிற்று. இந்த அரிய கண்டுபிடிப்பைச் சொல்லி அம்மாவை அசத்தலாம் என்று போனால் அங்கேதான் உன் அப்பனின் மூக்கு உடைந்தது.

உன் அம்மா எனக்குத் துணையாகத்தான் வந்துகொண்டிருந்தாள், கரையில் சும்மா உட்காருவானேன் என்று அந்தப் பெண்தான் அவளை ஆழமில்லாத பக்கம் இறக்கிவிட்டாள். குளியலறை வாளிக்கு மேல் தண்ணீர் பார்த்தறியாதவள். முதல் வாரம் குழாய்க் கம்பியைப் பிடித்த பிடியில் கம்பி நசுங்கியிருக்கும். இரண்டாம் மாதம் மிதந்தாள், அப்புறம் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்காமல் போய்த் தொட்டாள் அம்மா, தொட்டே விட்டாள், நான் கைதட்டிய சத்தத்தில் கூரை இரண்டங்குலம் எழும்பி உட்கார்ந்தது! எனக்கு மட்டும் மனசு இந்தப் பாடு படுத்துகிறதே, உனக்கு உள்ளே என்னதான் ஓடுகிறது என்று கேட்டேன். “ஒண்ணும் ஓடலியே” என்றாள். அதெப்படி ஒன்றும் ஓடாமல் இருக்கும் என்று விடாமல் குடைந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே, ரொம்ப சாதாரணமாக, “அங்க யாரும் என்னக் கூப்பிடறதில்லீங்க” என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் காபிக்காக அவளைக் கூப்பிட வாயெடுத்தவன், நானே போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

போன வாரம் பரிசோதனை. டாக்டர் முதல் தடவை நம்பாமல் மறுபடியும் பட்டையைச் சுற்றினார். இறங்கிவிட்டது கண்ணு! இன்னும் ஒரு வருடத்துக்கு ஸ்டியரிங் என்னுடையதுதான், பல்செட் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். கையெழுத்தான தாளை அம்மாவிடம் நீட்டி, பிழைத்தோம், இனிமேல் விடியக்காலையில் எழுந்து அந்தக் குளத்துக்கு ஓட வேண்டாம், நிம்மதியாகத் தூங்கலாம் என்றேன். அவள் தாளைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு, “உங்களுக்கு வேணாம்னா விடுங்க. எனக்கு வேணும்” என்றாள். இத்தனை வருடத்தில் இந்தப் பாத்திரம் வீட்டுக்கு வேணும், இந்தச் செருப்பு பிள்ளைக்கு வேணும் என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். எனக்கு வேணும் என்று அவள் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். எனக்கு நெஞ்சு விரிந்த விரிவில் சட்டைப் பொத்தான் ஒன்று பறந்துவிட்டது, இது பொய்யில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஜன்னல் தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார், வேலையிடத்தில் எவன் குரலை உயர்த்தினாலும் நீ பதறாதே, நீ யார் மகள் என்பது உனக்கு ஞாபகம் இருந்தால் போதும், அப்பா மகள் என்பதைவிட இப்போது அம்மா மகள் என்பதில்தான் கனம் அதிகம். நீ எடுத்து வைக்கிற அடியெல்லாம் விளங்கட்டும், நூறு வயது இரு. முக்கியமான ஒன்று. செவ்வாயும் வெள்ளியும் காலையில் ஆறிலிருந்து ஏழு வரை அம்மாவைப் போனில் கூப்பிடாதே, எதற்காகவும் கூப்பிடாதே. நான் மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டுவிட்டேன், அந்த ஒரு மணி நேரமும் வீட்டில்தான் இருப்பேன். அந்தக் குழம்புக்கு எவ்வளவு புளி, உன் பழைய சான்றிதழ் எந்த அலமாரி, எதுவானாலும் என்னைக் கேள். எனக்குத் தெரியாது என்று உடனுக்குடன் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓட்டுநர் இருக்கையை விட்டுக் கொடுக்காத
உன் அப்பா