ராஸ் சொல்லாமல் விட்டது

அன்பு மகள் இம்மிக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மாவும் நானும் இங்கே நரண்டெராவில் சுகமாகத்தான் இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மழைதான் இன்னும் வந்தபாடில்லை, கோதுமை முட்டியளவுகூட எழும்பாமல் நிற்கிறது. பெர்கனில் நீ குளிருக்குக் கதகதப்பாக உடுத்திக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். என் கிளப் கூட்டாளி ராஸ் உனக்குப் போன் செய்து ஹில்ஸ்டன் போகிற வழியில் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டானாம். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. என் மகளிடம் நான் சொல்ல வேண்டிய செய்தியை அவன் எப்படி முந்திக்கொண்டு சொல்லலாம்? அதனால் என் பங்குக்கு நானும் எழுதுகிறேன்.

முதலில் இருந்தே சொல்கிறேன். போன மாதம் விமான கிளப்பில் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது ராஸ் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தான். "டெஸ், வாடா, வந்து இதப் பாருடா" என்று தன் விமானத்துக்குக் கூட்டிப்போனான். பிஸ்கட் டப்பா அளவில் ஒரு பெட்டி, அதில் சின்னத் திரை. பெட்ரோல் குழாயில் ஒரு குட்டிச் சக்கரத்தை வைத்து, அது சுற்றுவதை எண்ணி, மணிக்கு எத்தனை லிட்டர் போகிறது, டாங்கில் எவ்வளவு மிச்சம், இன்னும் எவ்வளவு நேரம் பறக்கலாம் என்று எல்லாவற்றையும் காட்டுகிறது. நன்றாகத்தான் இருந்தது. யாரிடம் கற்றாய் என்று கேட்டேன். "உன் பொண்ணுதான். ஞாயித்துக்கெழம ஆனா போன்ல உக்காந்துருவோம், ஒரு வயரு விடாம சொல்லிக் குடுத்துட்டா. தங்கமான புள்ள" என்றான். இம்மி, அதே ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எனக்கும் போன் செய்தாய். நல்லா இருக்கேம்பா, அம்மாகிட்ட குடுப்பா என்பாய். அவ்வளவுதான் நம் பேச்சு. அவனுக்கு மட்டும் மணிக்கணக்கா?

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் பொருமினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "அவன் வாயத் தொறந்து கேட்டான், சொன்னா. நீங்க கேட்டீங்களா?" என்றாள். நான் ஏன் கேட்க வேண்டும்? ஒரு விமானத்தையே கொட்டகையில் வைத்து என் கையால் கட்டியவன் நான். ராஸ் தன்னுடையதை விலைக்கு வாங்கியவன். அதே சக்கரம், அதே சர்க்யூட் பலகை, அவனுடையதைவிடப் பெரிய திரை எல்லாம் தபாலில் வரவழைத்து நானே உட்கார்ந்து செய்தேன். சோறு தண்ணி மறந்து செய்தேன் என்று அம்மா சொல்வாள். ஓடுபாதையில் விமானத்தை உருட்டும்போதே அது ஒரு லாரி குடிக்கிற அளவு பெட்ரோல் போகிறது என்று காட்டியது. இன்ஜினை முடுக்கினால் எண்கள் பேய் பிடித்தது போல ஆடின. திரையின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, இன்னும் முடியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

அந்த நிலைமையில்தான் காலைச் சாப்பாட்டுக்கு ஹில்ஸ்டன் கிளப்புக்கு இருவரும் பறந்தோம், அவன் முன்னால், நான் பின்னால். பாதி தூரத்தில் ரேடியோவில் அவன் குரல். "டெஸ், பொட்டி மணிக்கு முப்பத்தெட்டு லிட்டருங்குது. பாதிகூடக் குடிக்காதே இது! டாங்க் முள்ளு அசையாம அப்படியே நிக்குது. பொட்டிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" உன்னிடம் மறைப்பானேன், என் மனசு ஒரு கணம் குளிர்ந்தது. அவனுடையதும் தப்பாகக் காட்டுகிறது! ஆமாடா, பொட்டி சரியில்ல, பேசாம வா என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெட்டியைச் செய்யச் சொல்லிக் கொடுத்தது நீ. சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்தால்கூட ஒரு திருகாணி மிஞ்சாமல் பூட்டி வைப்பவள் நீ. "ராஸ், பொட்டிய நம்பு, முள்ள நம்பாத. எங்க எடம் தெரியுதோ அங்க எறங்கு, இப்பவே எறங்கு" என்று கத்தினேன். கீழே ஒரு ஆட்டுப் பண்ணையின் மண் ஓடுதளம் தெரிந்தது. அவன் இறங்கினான், பின்னாலேயே நானும் இறங்கினேன்.

இன்ஜின் மூடியைத் திறந்தால், உன் சக்கரத்தைத் தாண்டிக் குழாயின் இணைப்பு ஒன்று தளர்ந்து பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டிருந்தது. கொதிக்கிற புகைக்குழாய் அதற்கு ஒரு சாண் தள்ளி. டாங்க் முள்ளோ சிக்கிக்கொண்டு பொய் காட்டியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் பறந்திருந்தால் டாங்க் காலியாகியிருக்கும், அல்லது அதற்கு முன்பே தீப்பிடித்திருக்கும். ராஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "இம்மி என்னக் காப்பாத்திட்டாடா" என்று அழுதான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நண்பன் பிழைத்தானே என்று எனக்கும் கண் கலங்கியது. அதே நேரத்தில் உள்ளே என்ன ஓடியது தெரியுமா? இந்தக் கசிவு என் விமானத்தில் வந்திருக்கக் கூடாதா, என் மகள் என்னைக் காப்பாற்றியிருக்கக் கூடாதா என்று. அம்மாவிடம் சொன்னேன், கரண்டியாலேயே அடிக்க வந்தாள்.

இப்போது கிளப்பில் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் ராஸ் சொல்வது உன் பெயர்தான். ரேடியோவில் நான் கத்தியது மட்டும் அவன் கதையில் வருவதே இல்லை. உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டான். என் பெட்டியைத் தானே சரிசெய்து தருவதாகச் சொல்கிறான். வேண்டாம் என்றுவிட்டேன். ஒருவேளை இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கம்பியின் பக்கத்தில் வயரை ஓட்டியது தப்போ என்னவோ, படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், நீ பார்த்துச் சொல்.

நீ நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும், உன் கை தொட்டதெல்லாம் நன்றாக ஓட வேண்டும். மீன் எண்ணெய் குடிக்க மறக்காதே என்று அம்மா எழுதச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது உடனே அம்மாவைக் கேட்காதே, நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். ராஸுக்குச் சொன்னதையெல்லாம் எனக்கும் சொல், கூடவே அவனுக்குச் சொல்லாத ஒன்றையும் சொல்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா டெஸ்