ஒரு சால்வைதானே அத்தான்

இல்ஃபோர்ட்,
செவ்வாய் இரவு.

அன்புள்ள பிரமிளா சித்திக்கு,

உங்கள் பெறாமகள் றூபினி எழுதுகிறேன். சுகம் விசாரித்த பிறகுதான் மற்றதை எழுத வேண்டும் என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். அதனால் விசாரிக்கிறேன். கார்டிஃபில் உங்கள் சிநேகிதி பிரீத்தா அன்ரி வீட்டில் போய் ஒதுங்கியிருக்கிறீர்களே, அங்கே உங்களுக்கு நித்திரை வருகிறதா? இங்கே எங்களில் ஒருவருக்கும் வருவதில்லை.

போனில் எழுதுவது எதுவும் நாளைக்கு யார் கைக்கும் போய்விடும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் நீங்கள். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் சட்டத்தரணியாகப் பதில் சொல்வீர்கள். தமிழில் நீங்கள் எனக்குச் சித்தி மட்டும்தான்.

மேசை விளக்கைத் தரையில் இறக்கி வைத்து, கதவுக்குக் கீழே துவாயைச் செருகிவிட்டு எழுதுகிறேன். வெளிச்சம் தெரிந்தால் அம்மா வந்துவிடுவா. நீங்கள் சட்டம் படித்த காலத்தில் இருந்த அதே சின்ன அறைதான். நீங்கள் படித்து முடிக்கும்வரை அப்பாவும் அம்மாவும் கீழே ஹாலில் பாய் போட்டுப் படுத்தார்களாம். நான் அப்போது பிறக்கவில்லை. நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள், பெருமையாக.

நீங்கள் பத்திரிகைக்கு விட்ட அறிக்கையை முதலில் நான் வாசிக்கவில்லை. வகுப்பில் ஒரு பெண் போனை நீட்டி, இது உன் அப்பாவின் பெயர்தானே என்று கேட்டாள். “நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர் யோகேஸ்வரன் என்ற ஓர் ஆதரவாளர். மேடைக்கு யார் வருவார்கள் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியாது” என்று இருந்தது. நான் இல்லை என்று சொன்னேன். அது வேறு யாரோ என்று சொன்னேன். பிறகு மதிய இடைவேளை முழுவதும் கழிவறையில் இருந்தேன். ஓர் ஆதரவாளர், சித்தி? நீங்கள் அவரை அத்தான் என்று கூப்பிட்டதைத் தவிர வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

தை மாதம் எல்லாம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். பார்லிமெண்டுக்கு நிற்க எங்கள் தொகுதிக் கட்சிக்காரர் யாரைத் தெரிவு செய்வார்கள் என்று ஒருவரும் கேட்கவே இல்லை. நீங்கள்தான் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் குசினியில் தொண்டர்கள் நிற்க இடம் இல்லை. அம்மா ரோல்ஸ் பொரித்துக்கொண்டே இருந்தா. பக்கத்து ஊர் பார்க்கிங்கில் அந்தப் பூஞ்சணம் பிடித்த வாடகை வீட்டுக்கு முன்னால் நின்று, மூச்சிழுப்பு வந்த குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, இந்தச் சுவரை வாடகைக்கு விட்டவன் இங்கே ஓர் இரவு படுத்துப் பார்க்கட்டும் என்று பேசினீர்களே, அந்த வீடியோவை என் வகுப்பில் பாதிப் பேர் பார்த்தார்கள். எனக்கு அன்றைக்கு நடக்கவே தெரியவில்லை. மிதந்துகொண்டு போனேன்.

அந்த வீட்டுக்காரர் தர்மலிங்கம். நீங்கள் அவர்மேல் வழக்குப் போட்டு வென்றீர்கள். அது உங்களைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்?

தமிழ்ச் சங்க மண்டபத்தில் உங்களுக்குப் பாராட்டு விழா வைத்த அன்று யார் யார் பொன்னாடை போர்த்துவது என்பதை அப்பா இரண்டு கிழமையாக யோசித்தார். ஒருவரைக் கூப்பிட்டு மற்றவரைக் கூப்பிடாவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி இருந்தும் தர்மலிங்கத்தை வேண்டுமென்றே விட்டார். அந்தாள் கூப்பிடாமலே வந்து இரண்டாவது வரிசையில் இருந்தார். அவருடைய வீடுகளில் இருக்கிற எத்தனையோ பேருக்குக் கட்சியில் வாக்கு இருந்தது, அவர் சொல்கிற ஆளுக்குத்தான் போடுவார்கள்.

நான் மேடைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் போனில் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடிக்கச் சொன்னது நீங்கள். கடைசிச் சால்வையும் போர்த்தி முடிந்த பிறகு நீங்களே மைக்கை எடுத்து, “எங்கட தர்மலிங்கம் அண்ணையும் ஒருக்கா மேடைக்கு வரவேணும்” என்றீர்கள். அப்பா பின்னால் இருந்து எழும்பி வந்து, தலையை ஆட்டி, “வேண்டாம் பிள்ளை, அந்தாள் வேண்டாம்” என்று சொன்னார். நீங்கள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். “ஒரு சால்வைதானே அத்தான்” என்றீர்கள். நான் பக்கத்தில் நின்றபடியால் வீடியோவில் அதுவும் கேட்கிறது. அப்பா தன் கையில் இருந்த மேலதிகச் சால்வையைக் கொடுக்காமல் நின்றார். நீங்கள் உங்கள் தோளில் கிடந்த ஒன்றை எடுத்து அந்தாளிடம் கொடுத்தீர்கள், அவர் அதை உங்களுக்கே போர்த்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் ஒரு கையால் தொடையில் தட்டினேன்.

தர்மலிங்கம் அந்தப் படத்தை அன்றைக்கே தன் பேஸ்புக்கில் போட்டுவிட்டார். தமிழ் ஆட்களுக்கு அது இன்னொரு சால்வை. எங்கள் விழாக்களில் சால்வை போடாத ஆள் யார்? ஆனால் அந்தப் படம் ஆங்கிலப் பத்திரிகைக்குப் போனதும், வழக்குப் போட்டவள் தலை குனிந்து நிற்கிறாள், வழக்கில் தோற்றவன் அவளுக்கு முடி சூட்டுகிறான் என்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அந்தக் குழந்தையின் தாய் படத்துக்குக் கீழே, எங்களை விற்றுவிட்டாய் என்று எழுதியிருந்தா.

அதற்குப் பிறகு தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவராக வெளியேறினார், வெளியேறினார் என்று வந்துகொண்டே இருந்தது. உங்களை முன்மொழிந்த கட்சிக் கிளைகள் திரும்பவும் கூடிப் பேசப் போகின்றன என்றார்கள். அம்மா பொரிக்கவென்று செய்துவைத்த ரோல்ஸ் இன்னும் பிரீஸரில் இருக்கிறது. அப்போதும் நான் உங்களோடுதான் இருந்தேன், சித்தி. பிழை விட்டுவிட்டா, அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பா என்று நினைத்தேன். நீங்கள் அறிக்கை விட்டீர்கள்.

அறிக்கை வந்த அன்று பின்னேரம் எனக்கு ஒரு செய்தி அனுப்பினீர்கள். “அந்த வீடியோவை அழித்துவிடு செல்லம். அப்பா அம்மாவிடம் சொல்லாதே.” ஒரு நாளில் தானாக மறைந்துபோகும்படி அனுப்பியிருந்தீர்கள். மறைந்துவிட்டது. ஆனால் நான் வாசித்துவிட்டேனே.

இனி இங்கே நடப்பதைச் சொல்கிறேன். கட்சி அப்பாவை இடைநிறுத்திவிட்டது. சங்கச் செயலாளர் பதவியிலிருந்து அவரை எடுப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்திருக்கிறார்கள். நேற்று ஓர் ஆள் வாசலில் நின்று வீட்டைப் படம் எடுத்தான். அம்மா முன் யன்னல் திரையைத் திறப்பதில்லை. நான் பள்ளிக்குப் பின் கதவால் போகிறேன்.

அதைவிடப் பயம், டினேஷ் என்று ஒருவர். உங்களோடு போட்டி போடுகிறவருக்கு வேலை செய்கிறார். நீ அன்றைக்கு வீடியோ எடுத்தாயாமே, அதை அனுப்பு, உன் அப்பாவின் பெயர் ஒரே நாளில் சுத்தமாகிவிடும் என்று இன்ஸ்டாகிராமில் எழுதியிருக்கிறார். நான் பதில் போடவில்லை. வாசித்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும். பள்ளி விட்டு வரும்போது எதிரில் வருகிற ஒவ்வொருவரும் அவர்தானோ என்று பார்க்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரியது அம்மா. அம்மா உங்கள் அறிக்கையை நம்புகிறா. “உங்களுக்கு ஆளைப் பார்த்துக் கூப்பிடத் தெரியாதே? என்ர தங்கச்சியின்ர வாழ்க்கையை நாசமாக்கிப் போட்டியள்” என்று அப்பாவை ஏசினா. அப்பா கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அதற்குப் பிறகு அம்மா அவரோடு கதைப்பதில்லை. சோற்றை மேசையில் வைத்து மூடிவிட்டு மேலே போய்விடுகிறா. அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்து தனியாக இருந்து சாப்பிடுகிறார். சில நாள் சாப்பிடாமல் அப்படியே மூடி வைக்கிறார். அப்பா உண்மையைச் சொல்லலாம்தானே? ஏன் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

யாரோ எழும்பிவிட்டார்கள். நிறுத்துகிறேன்.

புதன் இரவு.

சித்தி, இப்போது விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருந்தால் நல்லது.

பின்னேரம் அப்பா என்னைக் கூப்பிட்டு, லாப்டொப்பைத் திறக்கச் சொன்னார். கட்சிக்கும் சங்கத்துக்கும் ஒரு கடிதம், ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதித் தரவேணும் என்றார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். தர்மலிங்கத்தை அழைத்தது நான். என்னைத் தவிர வேறு யாருக்கும் அதில் பங்கு இல்லை. வேட்பாளர் மறுத்தும் கேட்காமல் நான்தான் அவரை மேடையில் ஏற்றினேன்.

நான் அடிப்பதை நிறுத்திவிட்டு, “அப்பா, இது பொய்” என்றேன்.

“டைப் பண்ணு பிள்ளை.”

“நான் பக்கத்தில நிண்டனான். சித்திதான் கூப்பிட்டவ. நீங்கள் வேண்டாம் எண்டனீங்கள்.”

அப்பா கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், “சத்தம் போடாதை, கொம்மாவுக்குக் கேக்கும். நான் பஸ் ஓட்டுறவன். எனக்குப் பேர் கெட்டா ரெண்டு பேர் கதைப்பினம், பிறகு மறந்துபோவினம். அவள் அப்பிடியில்லை. அவள் திங்கட்கிழமை தெரிவுக்குக் கட்சிக்காரருக்கு முன்னால போய் நிக்கவேணும்.”

“சித்தி உங்களிட்டைக் கேட்டவவா?”

“இல்லை. அவள் கேக்க மாட்டாள். அவளுக்கு வெக்கம்.”

வெட்கமாம், சித்தி. உங்கள் பக்கம் நின்று அவர் எனக்குக் காரணம் சொல்கிறார். எனக்கு அந்த நேரம் உங்கள்மேல் வந்த கோபம் அவர்மேலும் வந்தது. என் அப்பா என்னிடம் பொய் சொல்லவில்லை. என்னைக் கொண்டு பொய்யை எழுதுவித்தார். நான் அடித்து முடித்தேன். அவர் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னார். நல்ல இங்கிலீஷ் என்றார். கட்சிக்கு அதை அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். சங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை அவரே கொண்டுபோய் வாசிப்பாராம்.

அம்மாவுக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கோ என்று நான் கெஞ்சினேன். “அவளுக்குச் சொன்னா அவள் தங்கச்சியோட கதைக்க மாட்டாள். இஞ்ச அவளுக்கு வேற ஆர் இருக்கினம்?” என்றார். அதனால் தன்னோடு கதைக்காமல் இருப்பது பரவாயில்லையாம்.

நான் வீடியோவை அழிக்கவில்லை. டினேஷுக்கு அனுப்பவும் இல்லை. இன்றைக்கு இரண்டு தரம் அனுப்புவதற்கு எடுத்துவிட்டு வைத்தேன். அனுப்பினால் அப்பாவின் பெயர் மீளும், நீங்கள் முடிந்துபோவீர்கள், அம்மாவுக்கு ஒரே நாளில் நீங்களும் அப்பாவும் பொய்க்காரர் ஆகிவிடுவீர்கள். அனுப்பாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆட்களுக்கு முன்னால் நின்று அந்தக் கடிதத்தை வாசிப்பார். அம்மா முன் வரிசையில் இருந்து, ஓம், இவர்தான் என்று கேட்டுக்கொண்டு இருப்பா. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். என்னால் ஏலாது சித்தி. பதினைந்து வயதில் இதை எல்லாம் ஒரு போனுக்குள் வைத்துக்கொண்டு படுக்க ஏலாது.

முதலில் இந்தக் கடிதத்தில் உங்களைக் கூட்டத்துக்கு வரச் சொல்லி, எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லச் சொல்லிக் கேட்க இருந்தேன். இப்போது அதைக் கேட்கவில்லை. கட்சிக்குச் சொல்ல வேண்டாம். பத்திரிகைக்குச் சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை போய் நில்லுங்கள். வெல்லுங்கள். நீங்கள் வெல்ல வேண்டும் என்றுதான் இன்றைக்கும் கும்பிட்டேன், அது எனக்கே பிடிக்கவில்லை.

அம்மாவுக்கு மட்டும் ஒரு போன் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எடுங்கள். “அக்கா, கூப்பிட்டது நான், அத்தான் வேண்டாம் என்றவர்” என்று மட்டும் சொல்லுங்கள். அம்மா அழுவா, உங்களை ஏசுவா, போனை வைத்துவிடுவா. பிறகு கீழே இறங்கிப் போய் அப்பாவோடு இருந்து சாப்பிடுவா. எனக்கு அது போதும். அது நடந்தால் உங்களுக்கு முன்னாலேயே அந்த வீடியோவை அழிக்கிறேன். நடக்காவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

கடவுள் உங்களுக்கு நல்ல நித்திரையைத் தரட்டும். தராமலும் இருக்கட்டும், நீங்கள் அம்மாவோடு கதைக்கும்வரை.

உங்களை இன்னும் சித்தி என்று கூப்பிடுகிற,
றூபினி