தேய்ந்த குமிழ்

என் வீட்டு மகாராணிக்கு,

மகள் வீட்டில் சௌக்கியமாக இருப்பாய். இங்கே பையன் புது சவுண்ட் பார் வாங்கி மாட்டியிருக்கிறான். போனைத் தொட்டால் பாடுகிறது, சுவரே அதிருகிறது. ஆனால் திருப்புவதற்கு ஒரு குமிழ்கூடக் கிடையாது. என் கை சும்மா இருக்குமா? நம் பழைய ஆம்ப்ளிஃபயரைப் பரணிலிருந்து இறக்கி ரிப்பேருக்குக் கொடுத்தேன்.

மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "சார், இந்த பேலன்ஸ் குமிழ் வலது பக்கமே தேஞ்சிருக்கு. வீட்ல யாருக்காவது இடது காது கேக்காதா?" என்றார்.

"அதெல்லாம் இல்லப்பா" என்று சிரித்தேன். வீடு வரும் வழியில்தான் சிரிப்பு நின்றது.

இரண்டு ஸ்பீக்கரும் சமமாகப் பாட வேண்டுமென்று நான் குமிழை நடுவில் வைப்பேன். நீ வலது பக்கம் திருப்பிவிடுவாய். "உனக்கு ரசனையே கிடையாது" என்று எத்தனை வருஷம் கத்தியிருப்பேன்! தெருவில் நடக்கும்போதும் என்னை உன் வலது பக்கமே வரச் சொல்வாய். வெறும் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

அன்று சம்பந்தி முன்னால் "நீ என்ன செவிடா?" என்று கேட்டேனே. நீ துணிமணியை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பினாய்.

'ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்று இங்கே எழுதி, அடித்துவிட்டேன். நீ சொல்லியிருப்பாய். எனக்குத்தான் கேட்டிருக்காது.

ஆம்ப்ளிஃபயர் இப்போது ஜோராகப் பாடுகிறது. குமிழை உன் பக்கமே திருப்பி வைத்திருக்கிறேன். நேற்று பையன் அதை நடுவில் வைக்கப் பார்த்தான், கையைத் தட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போக வரட்டுமா?

இப்படிக்கு,
உன் வலது பக்கத்துக்காரன்