பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்

தை 11, ஞாயிறு

நானும் மனைவியும் மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு பறவைகள் ஏரிக்குப் போனோம். முன்னாள் ராணுவத்தார் அங்கே டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. ராணுவ கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான்தான் பெருமையாக முதலில் நடந்தேன்.

கவுன்ட்டரில் அதே மாதிரி கார்டோடு நின்றவர் திரும்பினார். என் பழைய யூனிட் ஹவில்தார் தாமஸ். பார்த்து இருபது வருஷம் இருக்கும்.

"டேய் ஏகாம்பரம்! அந்தப் பனியில உன் சூடு ரொட்டி இல்லன்னா நாங்கல்லாம் அங்கியே செத்துப் போயிருப்போம்டா" என்று கட்டிப்பிடிக்க வந்தார்.

எல்லையில் துப்பாக்கி பிடித்தவன் என்றுதான் மருமகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது நான் காவல் வேலை பார்க்கும் ஒரகடம் கம்பெனி கேட்டில் என்னோடு நிற்கும் செக்யூரிட்டிகளிடமும் அதேதான். சமையல்காரனாக இருந்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. மருமகன் பக்கத்திலேயே நின்றார்.

"வேற யாரோன்னு நினைச்சிக்கினு பேசறீங்க சார்" என்றேன்.

தாமஸின் கை அப்படியே இறங்கியது. "மன்னிச்சிடுங்க சார்" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! கார்டில் பெயர் இருக்கிறதே என்று அதைப் பைக்குள் போட்டுவிட்டு டிக்கெட் வாங்கினேன். உள்ளே ஒரு பறவையும் என் கண்ணில் படவில்லை.

படப்பை வந்து வீட்டுக்குள் நுழைந்த பிறகு என் மனைவிதான் மெதுவாகக் கேட்டாள்.

"அவரு உங்க பேரைச் சொல்லித்தானே கூப்புட்டாரு?"

மணி பன்னிரண்டு ஆகிறது, உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளும் தூங்கவில்லை.