முல்லைக்கு வைகறை என்று சொன்ன பாடம்

நண்பரே,

இன்று காலை பூசை முடித்து எழுந்தபோது கைபேசியில் ஒரு விடைத்தாளின் படம் வந்திருந்தது. அனுப்பியவள் அம்பாசமுத்திரத்தில் தமிழாசிரியையாக இருக்கும் என் பழைய மாணவி. ‘முல்லைக்குப் பொழுது வைகறை, மருதத்திற்கு மாலை’ என்று ஒரு பிள்ளை அழகாக எழுதியிருந்தது. முல்லைக்குரியது மாலை; மருதத்திற்குரியது வைகறை. விடையின்மேல் சிவப்புக் கோடு. சற்று நேரத்தில் அவளே அழைத்தாள்.

“ஐயா, நான் மார்க்கக் கொறச்சிட்டேன். அந்தப் பிள்ள உங்க வீடியோவப் போட்டுக் காட்டுது. நான் என்னத்தச் சொல்ல?”

அந்தக் காணொளியைத் திறந்து பார்த்தேன். என் முகம்தான்; என் குரல்தான்.

ஓய்வுபெற்ற பின் பேட்டைப் பள்ளியின் காலி வகுப்பில் சனிக்கிழமைதோறும் நாம் பாடம் பதிவுசெய்தோம். கணக்கு வாத்தியாரான நீர் கைபேசியைப் பிடிப்பீர். மாவட்டத்து ஆசிரியர்கள் தாமே செய்த பாடங்களைப் பகிர்ந்துகொள்ளும் இணையப் பக்கத்தில் உம் பெயரில் ஏற்றுவீர். பாடம் சொல்லத் தயங்கிய ஆசிரியர்களையெல்லாம் விரட்டிப் பிடித்தீர். “சாக்பீஸ் பிடிச்ச கை போனப் பிடிக்காதாக்கும்? சும்மா பேசும் வே! நம்ம பிள்ளைக்குப் புரியுத மாதிரி வேற எவன் சொல்லுவான்?”

சந்நிதியில் பதிகம் ஓதிய பழக்கம், பாடம் சொல்லும்போதும் கண்ணை மூடிக்கொள்வேன். ஏடு பார்த்துச் சொல்வதை இழுக்கென்று எண்ணியிருந்தேன். திணைப் பாடம் பதிந்த அன்று நான் சொல்லி முடித்ததும் நீர் தலையைச் சொறிந்தீர்.

“அண்ணாச்சி, பொஸ்தகத்த ஒருக்கா பாத்துக்கிடுவமா? முல்லையில என்னமோ இடிக்கி.”

“கணக்கு வாத்தியாரு எனக்குத் தமிழ் சொல்லித் தாரீராக்கும்? ஏத்தும் வே!”

சிரித்துக்கொண்டே ஏற்றிவிட்டீர்.

வகுப்பறையில் பிழைபடச் சொன்னால் மறுநாள் திருத்திவிடலாம். கேட்டவர்கள் எதிரிலிருக்கும் நாற்பது பிள்ளைகள்தாம். இதுவோ எத்தனை ஊர்களுக்குப் போயிற்றென்று அறியேன். நீக்கிவிடும்படி மாணவியிடம் சொன்னேன். “ஏத்துனவங்கதான் ஐயா எடுக்க முடியும். சாரோட கடவுச்சொல் வேணும்” என்றாள்.

உம் வீட்டம்மாவை அழைத்துக் கேட்டேன்.

“அவுக அதெல்லாம் மனசுலயேதான் வச்சிருந்தாக, அண்ணாச்சி. எங்கனயும் எழுதி வைக்கலயே” என்று சொல்லி அழுதார்.

நீர் கண்மூடியபோது அந்தக் கடவுச்சொல்லும் உம்மோடு போய்விட்டது. பக்கத்தை நடத்துவோருக்கும் எழுதியிருக்கிறேன், பதிலில்லை. ஓதுவதில் ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும் பயன் திரியும் என்று நம்பி வளர்ந்தவன் நான். என் செருக்கால் பிறழ்ந்தது பிள்ளைகளின் விடைத்தாளில் விளைந்து நிற்கிறது. இதைக் கண்டபின் சோறு இறங்கவில்லை.

மதியம் கைபேசியைச் செம்பின்மேல் சாய்த்து வைத்தேன். நூலை மடியில் விரித்துக்கொண்டு பதிவுக்கான சிவப்புப் புள்ளியைத் தொட்டேன். “பிள்ளைகளே, நான் முன்பு சொன்னது தவறு. உடனிருந்த கணக்காசிரியர் அப்போதே ஐயுற்றார். நான் செவிகொடுக்கவில்லை” என்று தொடங்கினேன். ஆசிரியர்களாகிவிட்ட என் மாணவர்கள் பலரும் இதைக் காண்பார்கள். நாணத்தோடு, நூலைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன். மாணவி தன் பெயரில் ஏற்றினாள். குறைத்த மதிப்பெண்ணையும் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

ஆயினும் இப்போது இரண்டு பாடங்கள் உலவுகின்றன. இரண்டிலும் என் முகம். எது எந்தப் பிள்ளையின் கைக்கு முதலில் போய்ச் சேருமோ! மாலையில் நெல்லையப்பர் முன் கைகூப்பி நின்றேன். பதிகம் வாயில் எழவில்லை. எங்கோ ஒரு பிள்ளை பழையதைத் திறந்துவைத்து, என்னை முழுதும் நம்பி எழுதிக்கொண்டிருக்கும்.